துடுப்புச் சத்தம்

சாமி எங்கள் ஊருக்கு வருஷத்தில் ஒரு பகல்தான் வருவார். ஜூன் மாதம் ஆற்றில் வெள்ளம் ஏறி, பாறைகளெல்லாம் மூழ்கி, மோட்டார் படகு அடிபடாமல் வர முடிகிற ஒரு நாள். வந்ததும் ஞானஸ்நானம், பிறகு கல்யாணம், பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை, பிறகு பூசை, கடைசியில் மிளகாய் போட்ட மீன்சாறும் மரவள்ளி ரொட்டியும். இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று படகுக்காரன் அவசரப்படுத்துவான். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் சாந்தா ஆகதா என்ற இந்த ஊரில் கடவுளுக்கு ஆள் நான்தான்.

பெருமைக்குச் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொல்கிறேன். பெயர் ஒத்தீலியா. இருபத்திரண்டு வருஷமாக இங்கே உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது, செத்தவர்களை அடக்கம் செய்வது, நற்கருணைப் பெட்டியில் கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது, கோயில் கூரை ஒழுகினால் யாரையாவது திட்டி ஏணியில் ஏற்றுவது, எல்லாம் என் தலையில். சாமி படகில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "நீங்க இருக்கீங்க, எனக்குக் கவலையில்ல" என்பார். அவருக்குக் கவலையில்லாமல் போனதுதான் மிச்சம்.

நடந்ததில் தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், கேட்கிறவர்கள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்காது.

நான் துயூக்கா இனம். துக்கானோ இனத்தாரின் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே மொழி பேசுகிறவர்கள் எங்களில் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ள மாட்டோம். என் புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவருடைய அண்ணன் ஜெர்வாசியு ஊர்த் தலைவர். ஜெர்வாசியுவின் தங்கை அமேலியாவை எங்கள் இனத்து சபீனு அண்ணனுக்குக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. சபீனு அண்ணனுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டார்.

அவர் ஓதுகிறவர். பிறக்கிற பிள்ளைக்கு உயிர்ப்பெயரை ஓதி ஊதி உடம்போடு ஒட்டவைக்கிற வேலை அவருடையது. கோயிலில் நாங்கள் தண்ணீர் ஊற்றி வைக்கிற பெயர் ஒன்று, அவர் வைக்கிற பெயர் ஒன்று. இரண்டுக்கும் சண்டை கிடையாது. அந்தக் காலத்துச் சாமிமார் சண்டை போட்டார்கள். இப்போது வருகிறவர்கள் போடுவதில்லை. என் கடைசி மகள் தால்வா வயிற்றில் குறுக்கே கிடந்து நான் சாகப் பிழைக்கக் கிடந்தபோது, ஒரு சுரைக்குடுவைத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உச்சி வரை வாய் ஓயாமல் ஓதியவர் சபீனு அண்ணன்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவளைப் பெற்றேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மச்சான்மாருக்குப் பழம் கொடுக்கும் திருவிழா நடந்தது. மரவள்ளிக் கள் தொட்டி தொட்டியாக ஓடியது. அதற்கு முந்தின வாரம்தான் அருவிக்குக் கீழே மீன்கூடு கட்டுகிற இடத்துக்காக ஜெர்வாசியுவும் சபீனு அண்ணனும் நன்றாகச் சண்டை போட்டிருந்தார்கள். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் ஜெர்வாசியுவின் மகன் ஓவீதியுவின் பையன், ஏழு வயது, வாந்தி எடுத்து எடுத்தே செத்துப்போனான். பிணத்தை நடுவில் போட்டு அழுதுகொண்டிருக்கும்போது ஜெர்வாசியு எழுந்து நின்று சொன்னார்:

"என் கண்ணால பாத்தேன். திருவிழா அன்னிக்கு சபீனு திரும்பி நின்னு பையனோட குடுவையில ஊதினான்."

உயிரை ஒட்டவைக்கத் தெரிந்தவருக்கு, ஊதியே உயிரைப் பிரிக்கவும் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. வேறு யாராவது சொல்லியிருந்தால் பேசிப் பார்த்திருப்பார்கள். சொன்னவர் ஊர்த் தலைவர், செத்தவனின் தாத்தா, அதிலும் கண்ணால் பார்த்தவர். அன்று சாயங்காலமே சபீனு அண்ணன் படுக்கிற தூளி, கோடரி, மரவள்ளி துருவுகிற பலகை எல்லாவற்றையும் தோணியில் வீசினார்கள். அமேலியா மதினி புருஷன் பின்னால் போய்த் தோணியில் உட்கார்ந்தாள். துறையை விட்டுக் கிளம்பும்போது சபீனு அண்ணன் கரையைப் பார்த்து, "நான் ஊதல, மச்சான்" என்றார். நான் கோயிலுக்குள் நின்று, ஏற்கெனவே பெருக்கிய இடத்தைத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கீழே, அரைநாள் துடுப்புப் போடுகிற தூரத்தில், கருங்குரங்கு ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வந்து கோயில் வாசலில் நின்றார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடிக்குள் ஒளித்தார்கள். என் மூத்த பேத்தியை நானும் இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

இந்த ஜனவரியில் ஜெர்வாசியு படுத்துவிட்டார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, இனி எழுந்திருக்க மாட்டார் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "சாமியக் கூப்பிடு" என்றார். ஆற்றில் தண்ணீர் வற்றி, பிள்ளைகள் நடுப் பாறையில் விளையாடிக்கொண்டிருந்த சமயம். நான் போய் வயர்லெஸ் பெட்டியைத் திருகி மிஷனைக் கூப்பிட்டேன்.

"சாமி இருக்காரா? ஓவர்."

"சாமி ஆயரப் பாக்கப் போயிருக்கார். மோட்டாரும் ரிப்பேர். தண்ணியும் இல்ல. ஓவர்."

"இங்க ஒரு ஆள் சாகக் கெடக்கார். ஓவர்."

"ஜெபம் பண்ணுங்க, ஒத்தீலியாம்மா. ஓவர்."

வந்து சொன்னதும் ஜெர்வாசியுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெபம் பண்ணுன்னு சொல்றதுக்கா அவ்ளோ பெரிய கம்பிய நட்டு வச்சிருக்காங்க?" என்றார். சிரித்ததில் வயிறு வலித்து முனகினார். பிறகு வீட்டில் இருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மருமகள் அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்றாள். "கஞ்சி கருகினா கருகட்டும், போ" என்றார்.

"ஒத்தீலியா, நீயே கேளு."

"அத்தான், பாவசங்கீர்த்தனம் சாமிதான் கேக்கணும்."

"என் பேத்தி சாகக் கெடந்தப்ப ஞானஸ்நானம் யாரு குடுத்தா? சாமியா?"

"அது வேற. அவசரத்துக்கு யாரு வேணா குடுக்கலாம்."

"இது அவசரம் இல்லையா? நான் என்ன கல்யாணத்துக்கா கெளம்பிட்டிருக்கேன்?"

நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. சாமி எப்படி உட்காருவாரோ அதேபோல அவர் தூளிக்குப் பக்கவாட்டில் முக்காலியைப் போட்டு, முகத்தைத் திருப்பி, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பழகிய உட்காரல், தானாக வந்தது.

"நான் ஒண்ணும் பாக்கல, ஒத்தீலியா" என்றார். "அன்னிக்குக் கள்ளு தலைக்கேறித் தூளியில கெடந்தேன். சபீனு அந்தப் பக்கம் வந்தானா, வரலையான்னே எனக்குத் தெரியாது. பய செத்துட்டான். யாராச்சும் செஞ்சிருக்கணும்ல? மீன்கூட்டுச் சண்டை மனசுல கெடந்துச்சு, வாயில அவன் பேரு வந்திருச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது? என் தங்கச்சி தோணியில ஏறினப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லல."

ஒரு நிமிஷம் அந்த மனிதரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. சாகக் கிடக்கிறவர், என் புருஷனுக்கு அண்ணன், ஊர்த் தலைவர் என்பதெல்லாம் மறந்துபோனது. பிறகு அடக்கிக்கொண்டு மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னேன். அவர் கூடவே சொன்னார். பாவமன்னிப்பு வார்த்தை எனக்கு மனப்பாடம், நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது எனக்கு இல்லாதது என்று தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். முதல் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "துடுப்புச் சத்தம் கேக்குதா?" என்றார்.

"சாமி என்ன துடுப்பு போட்டா வருவாரு? மோட்டார் சத்தம் கேட்டா நானே சொல்றேன், தூங்குங்க" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் நாளும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் காலையில், "கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்.

நான்தான் அடக்கம் செய்தேன். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. மிஷனில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் அசுந்தா சொன்னது அது. ராணியின் பாவங்களைச் சொல்ல மாட்டேன் என்ற சாமியாரை ராஜா ஆற்றில் தள்ளிக் கொன்ற கதையை அழுதுகொண்டே சொல்வார். ஆற்றுக் கதை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கும் அது ரொம்பப் பிடிக்கும். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் உதட்டில் விரலை வைத்து நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆற்றில் தள்ளினாலும் சொல்லக் கூடாது. அப்படித்தான் நினைத்தேன்.

அப்படி மட்டும்தான் நினைத்தேனா என்று பிறகு என்னையே நான் நிறையக் கேட்டுக்கொண்டேன். ஜெர்வாசியு என்னிடம் தனியாகச் சொன்னார். சபீனு அண்ணன் என் ரத்தம். நான் வாயைத் திறந்தால், தன் ஆளைக் காப்பாற்றச் செத்தவர் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். இந்த ஊரில் நான் இன்னும் வந்தவள்தான். முப்பத்தைந்து வருஷம் இருந்தாலும் வந்தவள் வந்தவள்தான். சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. பிப்ரவரியில், அண்ணன் இறந்ததை மதினிக்குச் சொல்ல வேண்டுமே என்ற சாக்கில், தோணியை எடுத்துக்கொண்டு கருங்குரங்கு ஓடைக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்திருந்த தால்வா அப்போது நிறைமாதம். தைலம் வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மதினி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இருமல் வேறு. அண்ணன் செத்ததைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பழையபடி வாயைத் திறந்துவிட்டாள்.

"நான் இல்லாம ஊர்ல கள்ளு யாரு காய்ச்சுறா? உன் கள்ளா? உன் கள்ளக் குடிச்சா மயக்கம் வராது மதினி, தூக்கம்தான் வரும்."

"அதனாலதான் இப்ப எல்லாரும் ஒழுங்கா ஜெபத்துக்கு வர்றாங்க" என்றேன்.

"இந்த வருஷம் பழத் திருவிழாவுக்காச்சும் கூப்பிடுவாங்களா? ஆட வேண்டாம். தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து நான் கலக்கித் தந்தாப் போதும். நம்ம பொண்டுங்க பாடுறதக் கேட்டு நாலு வருஷம் ஆச்சு."

சபீனு அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஜெர்வாசியு கடைசியில ஏதாச்சும் சொன்னானா?"

மதினி இருமலை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அரைநாள் துடுப்புப் போட்டு வந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஜெபம் பண்ணிட்டே போயிட்டார், அண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஓலையைக் கிழித்தார். நான் கிளம்பும்போது, "தால்வாவுக்கு இது மாசம்னு சொன்னல்ல?" என்று கேட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் முணுமுணுப்புக் கேட்டது. வெள்ளைப் பிசின் கட்டி ஒன்றை ஓதி இலையில் சுற்றி எடுத்து வந்தார். பிள்ளை பிறந்ததும் அதைப் புகைத்துத் தாயையும் பிள்ளையையும் சுற்றிக் காட்ட வேண்டும். பெயரும் அதிலேயே இருக்கிறது என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

தால்வாவிடம், மேலே துயூக்கா ஊரிலிருந்து என் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பியது என்று பொய் சொன்னேன். அந்தப் புகையில்தான் என் பேத்தி கண் திறந்தாள். ஊரே பயப்படுகிற மனிதர் ஓதிய பெயர் என் வீட்டுத் தொட்டிலில் கிடந்து கொழுகொழுவென்று வளர்ந்தது. அவர் நல்ல மனிதர் என்று தெரிந்த ஒருத்தி நான்தான். தெரிந்ததை என் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜூனில், வழக்கமாக வருகிற ததேயு சாமி வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லோரும் போன பிறகு கடைசியாக நான் போனேன். "சாமி, ஒரு ஆளோட பாவத்த அஞ்சு மாசமாச் சொமந்துட்டு இருக்கேன். நீங்க எடுத்துக்குங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பாவசங்கீர்த்தனம் சாமி. சொல்லக் கூடாதே."

சாமி சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பதறிப்போய் வந்த சிரிப்புதான். ஆனாலும் சிரித்தார்.

"ஒத்தீலியாம்மா, அது பாவசங்கீர்த்தனமே இல்ல. நீங்க குரு இல்லையே. ஒரு மனுஷன் உங்ககிட்ட ஒரு விஷயத்தச் சொல்லியிருக்கார், அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டாரா?"

"இல்ல."

"பின்ன? அன்னிக்கே ஊரக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கணுமே."

வந்த கோபத்தை நான் அடக்கவில்லை.

"ஞானஸ்நானம் நான் குடுக்கலாம். நன்மை நான் குடுக்கலாம். பொணத்த நான் பொதைக்கலாம். ஒரு வருஷத்து வேலையெல்லாம் நான் பாக்கலாம். இது மட்டும் எனக்கு இல்ல, எங்கிட்ட வந்தா அது வெறும் பேச்சுன்னு எப்ப சாமி சொல்லித் தந்தீங்க? சொல்லக் கூடாதுன்னு மட்டும் சொல்லித் தந்தீங்க. எவ்வளவு அழகாச் சொல்லித் தந்தீங்க!"

வெளியே பூசைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியின் முகம் சிவந்துவிட்டது. கையைக் கூப்பி, "என் தப்பும் இருக்கு" என்றார்.

"இருக்கு. ஆனா நீங்க சாயங்காலம் போயிடுவீங்க."

அன்று அவர் அடுத்த ஊருக்குப் போகவில்லை. பூசை முடிந்ததும் நான் கேட்டுக்கொண்டபடி, படகுக்காரன் முணுமுணுத்துக்கொண்டே சாமியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கீழே ஓடைக்கு விட்டான். அரைநாள் தூரம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. போகிற வழியெல்லாம், மதினியிடம் முதலில் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கள் காய்ச்ச வா என்றுதான் முதலில் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

குடிசையில் ஒரு தூளிதான் கட்டியிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் மண் மேடாக இருந்தது, அதைச் சுற்றிச் சின்னதாக வேலி. மேட்டின் மேல் மதினியின் சல்லடை கவிழ்த்து வைத்திருந்தது.

"ஏப்ரல்ல" என்றார் சபீனு அண்ணன்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்வாசியு சொன்னதை, நான் கேட்டதை, வாயை மூடிக்கொண்டதை, இதே இடத்தில் அவர் கேட்டபோது பொய் சொன்னதை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும், அண்ணே?"

"பிசின வாங்கிட்டுப் போனியே. நான் பிள்ளையக் கொன்னவன்னு நெனச்சிருந்தா, பொறக்கப்போற பிள்ளைக்கு என் கையால வாங்குவியா? நீ தோணியில ஏறினதும் அமேலியா சொன்னா, எங்கண்ணன் ஏதோ சொல்லிட்டுத்தான் செத்திருக்கான், ஒத்தீலியா போய் ஊர்ல சொல்லிடுவா, கூப்பிட ஆள் வரும்னு. தூளிய அவுத்துச் சுருட்டிக்கூட வச்சா. அப்புறம் படுத்துட்டா. தெனமும் துடுப்புச் சத்தம் கேக்குதா, துடுப்புச் சத்தம் கேக்குதான்னு என்னப் போட்டுப் பிடுங்கி எடுத்துட்டா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெர்வாசியு கேட்டதும் துடுப்புச் சத்தம்தான். சாமி மோட்டாரில் வருவார் என்று அவருக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் தலைவராக இருந்து சாமிமாரைத் துறையில் இறக்கிவிட்டவர். அவர் காத்துக்கிடந்தது சாமிக்காக இல்லை. என்னிடம் சொன்னால் நான் அன்றைக்கே தோணி அனுப்புவேன், தங்கையும் மச்சானும் வந்துவிடுவார்கள் என்று காத்துக்கிடந்தார். அண்ணன் அங்கே படுத்துக்கொண்டு கேட்டார், தங்கை இங்கே படுத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாமி மண்மேட்டை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "ஊருக்கு வாங்க அண்ணே" என்று அழுதேன். கிளம்பும்போது அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"பிள்ளைக்குப் பேரு ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சு அண்ணே. கொழுகொழுன்னு இருக்கா."

"நல்லது."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் யாரையும் எழுந்திருக்க விடாமல் சொன்னேன். தால்வாவின் பிள்ளைக்குப் பிசின் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். தால்வா பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மாறவில்லை. நான் பயந்தது போலவே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவ ஆளு. அவ அப்படித்தான் சொல்லுவா. செத்தவரா வந்து சாட்சி சொல்லப்போறார்?"

கோயிலில் சலசலப்பு. அப்போது ஓவீதியு எழுந்தான். செத்த பையனின் தகப்பன். என் பக்கம் பார்க்காமல் நற்கருணைப் பெட்டியைப் பார்த்துப் பேசினான்.

"சித்தி சொல்றது நெசம். அன்னிக்கு அப்பா தூளியிலதான் கெடந்தார். நிக்க முடியாம விழுந்தவர நான்தான் தூக்கிப் போட்டேன். மறுநாள் வரைக்கும் அவர் எந்திரிக்கல. எனக்குத் தெரியும். பையன் போன துக்கத்துல யோசிக்கல. அப்புறம் யோசிச்சப்ப பயமா இருந்துச்சு."

நான்தான் ஒருத்தி மூடிவைத்தேன் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோயிலில் இன்னும் எத்தனை பேர் என்ன வைத்திருந்தார்களோ, கேட்க எனக்கு வாயில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓவீதியு தன் அப்பாவின் தோணியை இறக்கினான். இரண்டு துடுப்பு எடுத்துக்கொண்டான். "போறப்ப ஒண்ணு. வர்றப்ப மாமாவும் போடுவார். அவருக்குச் சும்மா உக்காந்து வரப் பிடிக்காது" என்றான். பெண்கள் யாரும் சொல்லாமலே கள்ளுக்கு மரவள்ளி துருவ உட்கார்ந்தார்கள். நானும் துருவினேன். அமேலியா மதினி இருந்திருந்தால் என்னை அந்தத் தொட்டிப் பக்கமே விட்டிருக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்தே துறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளம் ஏறியிருந்ததால், எதிரோட்டத்தில் வர நேரமாகும் என்று தெரியும். பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கூச்சல் போட்டார்கள். வாயை மூடுங்கடா என்று அதட்டினேன். மூடினார்கள்.

வெயில் சாய்ந்த நேரத்தில், ஆறு திரும்புகிற இடத்துக்கு அந்தப் பக்கம் துடுப்புச் சத்தம் கேட்டது. எழுந்து நின்று காதைக் கொடுத்தேன். நன்றாகக் கேட்டேன். ஒரு துடுப்புதான்.